கடைக்குக் கடை ஒரு மருமகன்

நாங்கள் முன்வாசலால் நுழைந்தால் பின்வாசலால் ஒரு பிள்ளை ஓடும். சிறுவர் உத்தியோகத்தர் வேலை என்றால் சுருக்கமாக அவ்வளவுதான். சுனாமியில் கடல் வந்து போன மறுவருஷம் கல்முனைப் பக்கத்தில் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. ஒரு பழைய ஸ்கூட்டியையும் கொஞ்சம் சட்டத்தையும் தந்து அனுப்பினார்கள். இரண்டுமே மேட்டைக் கண்டால் நின்றுவிடும்.

சட்டம் கேட்பதற்குச் சுலபம். பதினாலு வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைக்கக் கூடாது. குடும்பத்துக்குச் சொந்தமான தொழில் என்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, படிப்புக்குப் பழுது வராமல் கைகொடுக்கலாம். காசுக்கு மேடையில் ஆடவோ பாடவோ விடுவதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினால்தான் தெரியும், ஒவ்வொன்றிலும் எத்தனை சந்து பொந்து இருக்கிறதென்று. கிராம சேவகர், குடும்பநல மாது, மின்சார மீற்றர் பார்க்கிறவர் என்று வெயிலில் அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும். நீங்கள் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன், ஆறுதலாக இருக்கும்.

புள்ள புடிக்கிற மிஸ்

என் பெயர் நஸீரா. ஆனால் நஸீரா மிஸ் என்று விசாரித்தால் எங்கள் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. ‘புள்ள புடிக்கிற மிஸ்’ என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். முதல் மாதத்திலேயே விழுந்த பெயர் இது. பிள்ளைகளைக் கடையிலிருந்து பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவள் என்பதுதான் அர்த்தம் என்று எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். பிள்ளைகளின் காதில் ‘புடிக்கிற’ என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

மருதமுனைப் பக்கத்தில் கூடாரம் போட்டு மக்கள் இருந்த நாட்கள். என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் மாயமாகிவிட்டார்கள். ஒரு கூடார வாசலில் மட்டும் ஒரு உம்மா சோற்றுப் பீங்கானோடு நின்றார். இடுப்பில் நாலு வயதுப் பையன். என்னைப் பார்த்த பார்வையை எடுக்காமல், வாயில் இருந்த சோற்றை மடக்மடக்கென்று விழுங்கினான். அவனை எந்த முதலாளியும் வேலைக்கு எடுக்கப் போவதில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. நான் சிரித்தேன். அவன் இன்னும் இரண்டு வாய் அவசரமாக வாங்கிக்கொண்டான். உம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“மிஸ், கிழமைக்கு ரெண்டு தரம் இந்தப் பக்கம் வந்து போனீங்களெண்டா, இவன் ஒழுங்காச் சோறு தின்பான்.”

மாமா முதலாளி

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இஸ்மாயில் காக்காவின் சாப்பாட்டுக் கடை. எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் காக்காதான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடம் நடக்கிற நேரத்தில் நான் உள்ளே போனபோது, ஒரு பையன் தட்டு நிறையப் பிளேன்ரீக் கோப்பைகளை ஒரு துளி சிந்தாமல் சுமந்துகொண்டு வந்தான். பெயர் ரிஸ்வான், வயது பதின்மூன்று. ஓடுவதற்குப் பின்வாசலைப் பார்த்தான். அங்கே விறகு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இவன் வேலைக்காரன் இல்ல மிஸ். என்ட மருமகன்” என்றார் இஸ்மாயில் காக்கா. இதுதான் அந்தச் சந்து. குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் சொன்னது, கடைத்தெரு முழுக்க உறவு பெருகிவிட்டது. இரும்புக் கடையில் ஒரு மருமகன், புடவைக் கடையில் ஒரு மருமகன், சைக்கிள் திருத்துகிற இடத்தில் இரண்டு மருமகன்மார். சொந்த மகன் என்று சொன்னால் பிறப்பு அத்தாட்சி கேட்பேன். மருமகன் என்றால் எதைக் கேட்பது? ஆனாலும் நான் விடவில்லை. பள்ளிக்கூட நேரத்தில் மருமகனும் கடையில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பையன் பக்கம் திரும்பினேன். “பயப்படாதீங்க மகன். இவர் உங்களுக்கு என்ன முறை?”

பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கையிலிருந்த தட்டைப் பார்த்தான். இஸ்மாயில் காக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்று வாயை அசைத்திருக்க வேண்டும். பையன் இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்தான்.

“மாமா முதலாளி.”

தங்கச்சி இல்லாத மனிதர்

முறை என்று வந்தபிறகு முறையாகவே விசாரிப்போம் என்று இஸ்மாயில் காக்காவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அது உண்மையில் அவர் மனைவி ஜெமீலா ராத்தாவின் வீடு. ராத்தா என்றால் அக்கா. அவர் பாயை உதறிப் போட்டு, தோடம்பழச் சர்பத்தும் தந்தார்.

மருமகன் என்றால் ஒன்று மகளைக் கட்டியவன், இல்லாவிட்டால் சகோதரியின் மகன். இஸ்மாயில் காக்காவின் ஒரே மகள் நான் போன நேரம் முற்றத்தில் கெந்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஆகவே மீதியாக இருந்தது சகோதரிதான். “காக்காட தங்கச்சிமார் எல்லாம் எங்க இரிக்கிறாங்க ராத்தா?” என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். ராத்தாவுக்குக் கடையில் நடந்தது எதுவும் தெரியாது. கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ், இவருக்கு ராத்தா தங்கச்சி ஒண்டுமே இல்ல மிஸ். இருந்திருந்தா நான் இந்த வீட்டில இவ்வளவு நிம்மதியா இருந்திருப்பனா?”

ஒரு சொல்லின் விலை

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்ற மிதப்பில் சாய்ந்தமருதிலிருந்த ரிஸ்வானின் கொட்டில் வீட்டுக்குப் போனேன். மிதப்பு வாசலிலேயே இறங்கிவிட்டது. வாப்பா கடலுக்குப் போகிறவர். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், திரும்பி வரவில்லை. உம்மா பரீதாவோடு இரண்டு சின்னத் தங்கச்சிமார். பையன் கடையில் சாப்பிடுகிறான், பின்னேரம் ஒரு சோற்றுப் பார்சல் கொண்டுவருகிறான், நாலு பேரும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னும் சில நாள் போகாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள். “படிப்பில கெட்டிக்காரன் மிஸ். ஓ.எல் சோதனை எழுதினா ஒரு உத்தியோகத்துக்குப் போவான் எண்டு அவங்கட வாப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றார் பரீதா. வழக்குப் போட்டால் இஸ்மாயில் காக்கா தண்டம் கட்டுவார், பார்சல் நின்றுபோகும், பையன் அடுத்த கடையில் அடுத்த மாமாவுக்கு மருமகனாவான். சட்டம் ஜெயிக்கும், ரிஸ்வான் தோற்பான்.

மறுநாள் கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் ஒருவரும் பராட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “காக்கா, நீங்க சொன்னது சரிதான். நான்தான் நம்பாமப் போயிட்டன். உங்கட மருமகன்தான். வாப்பா மௌத்தான மருமகனுக்கு மாமாதானே பொறுப்பு? வாங்க, ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லிட்டு வருவம்.” மரைக்காயர் பராட்டாவைக் கீழே வைத்துவிட்டு, மாஷா அல்லாஹ், வாப்பா இல்லாத பிள்ளைக்கு நீங்க செய்யிறது பெரிய நன்மை என்றார். அதற்குப் பிறகு மனிதர் எப்படி மறுப்பது? அதிபர் “நீங்க பிள்ளைக்கு யாரு?” என்று கேட்டபோது இஸ்மாயில் காக்கா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் “மாமா” என்றார். அன்றிலிருந்து ரிஸ்வான் காலையில் வகுப்பில். பின்னேரம் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்து வீட்டுப்பாடம். மேசை துடைக்க ஒரு வளர்ந்த ஆளைப் பிடித்தாயிற்று. பார்சல் நிற்கவில்லை, மாமா மருமகனுக்குச் சோறு கொடுப்பதைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும் வழியில் கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டு கையிலும் சாமான் பையோடு நின்றார் இஸ்மாயில் காக்கா.

“வாய் தவறி நான் ஒரு சொல்லுத்தான் சொன்னன் மிஸ். அதுக்கு சப்பாத்து, கொப்பி, பேக்கு, தண்ணிப் போத்தல்... இன்னும் என்னென்ன வரப்போகுதோ!”

பள்ளிக்கு அனுப்புவோம்

இடையில் எங்கள் வேலைக்கு உதவி செய்ய ஒரு வெளிநாட்டு உதவிக் குழு முன்வந்தது. எங்கேயோ தூரத்தில் யாரையோ கொண்டு எழுதுவித்து, பளபளவென்று சுவரொட்டி அடித்து வந்தார்கள். சிரிக்கிற பிள்ளையின் படம். கீழே கொட்டை எழுத்தில் ‘பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோம்! பள்ளி நேரத்தில் வேலை வாங்காதீர்!’ எழுதியவருக்குத் தெரியாத ஒரு சங்கதி: எங்கள் பக்கம் படிக்கிற இடம் பள்ளிக்கூடம், வெறும் பள்ளி என்றால் தொழுகிற பள்ளிவாசல். நான் தாளைப் பார்த்ததே ஒட்டி முடிந்த பிறகுதான்.

ஒரு கிழமை கழித்து இரும்புக் கடைக்குப் போனேன். முதலாளி என்னைக் கண்டு ஒளியவில்லை, எழுந்து வரவேற்றார். சுவரொட்டியைத் தன் மேசைக்கு மேலேயே ஒட்டியிருந்தார். பாங்கு சொன்னதும் பையனைத் தொழ அனுப்பிவிடுகிறாராம், தொழுது முடித்து வந்தபிறகுதான் ஆணி நிறுக்கச் சொல்கிறாராம். “அஞ்சு நேரமும் அனுப்புறன் மிஸ். அரசாங்கம் இப்பதான் ஒரு நல்ல சட்டம் போட்டிரிக்கு” என்றார். ‘பள்ளி’யைப் ‘பள்ளிக்கூட’மாக்க நான் கறுப்பு மை வாங்கிக்கொண்டு சுவர் சுவராக அலைந்தேன். வாகனத்தில் போனவர்கள் எல்லாம், பாவம், மிஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டு போனார்கள். திருத்தித் திருத்திக் காரைதீவு வரைக்கும் போனபோது, அங்கே வண்டி திருத்துகிற ஒரு ஐயா என்னை மறித்தார். நெற்றியில் திருநீறு, முகத்தில் பெரிய யோசனை.

“அனுப்ப மாட்டன் எண்டு சொல்லேல்ல பிள்ள. ஆனா நாங்க சைவ ஆக்கள், எங்கட பொடியனப் பள்ளியில உள்ளுக்கு எடுப்பாங்களோ?”

அழச் சொன்னவர்கள்

கடல் வந்த நாளின் நினைவு நெருங்கினால் கமராவும் வரும். அந்த வருஷம் வந்த குழு கூடாரப் பிள்ளைகளில் அஸ்ரா என்ற எட்டு வயதுக்காரியைத் தெரிந்தெடுத்தது. உடைந்த சுவரில் சாய்ந்திருந்து, கடலைப் பார்த்து அவள் அழ வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பொறுப்பானவரிடம் அனுமதி எங்கே, உம்மாவிடம் கேட்டீர்களா, எவ்வளவு நேரமாகப் பிள்ளை இதில் இருக்கிறது என்று அடுக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அனுமதியெல்லாம் நடிப்புக்குத்தான், இது நடிப்பில்லை, உண்மை என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “உண்மை எண்டா ஏன் திருப்பித் திருப்பி எடுக்கிறீங்க?” என்று கேட்டேன். மனிதர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கடலில் எத்தனையோ பறிகொடுத்த ஊரில், ஒரு குழந்தையின் கண்ணீரையும் வாடகைக்குக் கேட்கிறார்களே என்று எனக்கு மனம் கொதித்தது. அஸ்ராவைத் தூக்கி நிழலில் விட்டேன். அவளுக்கோ கொதிப்பும் இல்லை, ஒன்றுமில்லை. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கைக்குள் இன்னும் ஒரு பிடி டொபி மிட்டாய். அவர்களுக்கு ஏன் படம் சரிவரவில்லை என்பதை அவள்தான் விளக்கினாள்.

“அழச் சொல்லி டொபி தாறாங்க மிஸ். டொபியக் கண்டா எனக்குச் சிரிப்பு வருது.”

முருகனுக்கு வயது பத்து

அந்தக் கமராக்காரர்களோடு நான் போட்ட சண்டை ஊர் ஊராகப் பரவிவிட்டது. மேடையில் பிள்ளை ஏறினாலே மிஸ் வந்து இறக்கிவிடுவா என்று கதை. அதன் பலனாக ஒரு நாள் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாடகமன்றத்துச் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து என் கந்தோர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பாண்டிருப்பில் சூரன்போர் நாடகம் போடப் போகிறார்களாம். சூரனுக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது, அதில் சிக்கல் இல்லை. முருகனுக்கு வயது பத்து. அனுமதி எடுக்காமல் மேடையேற்றினால் முருகனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேனோ என்று பயம்.

டிக்கெட் விற்கவில்லை, பிள்ளைக்குக் கூலியும் இல்லை, ஒத்திகையும் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் என்றார். அப்படியானால் என்னுடைய அனுமதி தேவையே இல்லை, தாராளமாகப் போடுங்கள் என்றேன். ஆனாலும் உத்தியோகப் புத்தி விடுமா? மேடை கட்டுவது, கதிரை சுமப்பது என்று ஏதாவது பாரத்தைப் பிள்ளை தலையில் வைத்துவிடுவார்களோ என்ற எண்ணத்தில், போகிறவரை நிறுத்தி, “அந்தப் புள்ளைட கையில வேல ஒண்டும் குடுக்கல்லத்தானே?” என்று கேட்டேன். செயலாளர் அப்படியே நின்றுவிட்டார். இவ்வளவு நேரம் தலையாட்டிய மிஸ் கடைசியில் நாடகத்தின் அடிமடியிலேயே கைவைக்கிறாவே என்று அவர் முகம் வாடிப்போயிற்று.

“முருகனுக்கு வேலக் குடுக்காம, பின்ன என்னத்த மிஸ் கையில குடுக்கிற?”

விடமாட்டாரு

நாட்டில் நடந்த யுத்தம் முடிந்த வருஷம். வீதித் தடைகள் குறைந்தன, பொத்துவில் பக்கம் வாகனம் தாராளமாக ஓடியது. அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர்கள் குவிந்தார்கள், விடுதிகளுக்கு ஆள் போதவில்லை. கொஞ்சம் இங்கிலீசும் சிரித்த முகமும் உள்ள பையன்களைத் தேடி ஒரு வேன் ஊர் ஊராக வந்தது. அது ரிஸ்வானிடமும் வந்தது. அவனுக்கு இப்போது பதினேழு. கூடாரக் காலத்தில் ஒரு வகுப்புப் பிந்தியவன், வருஷக் கடைசியில் ஓ.எல் எழுத வேண்டும். பரீதா என் கந்தோருக்கு ஓடிவந்து, இவ்வளவு காலமும் காப்பாற்றிவிட்டு இப்ப விட்டிடாதீங்க மிஸ் என்று அழுதார். என்னிடம் என்ன இருந்தது? அந்த வயதுக்காரன் விடுதி வேலைக்குப் போவதைத் தடுக்க என் சட்டத்தில் இடமில்லை. பையன் மேலும் பிழை சொல்ல முடியாது. தங்கச்சிமார் வளர்ந்துகொண்டு வந்தார்கள். புத்தி சொல்லிப் பார்க்கலாம் என்று ஸ்கூட்டியை முறுக்கினேன். அன்றைக்கென்று அது இரண்டு இடத்தில் நின்றது.

நான் போனபோது வேன் கடைக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் முன்னால், கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்திருக்கிறார், இரண்டு கையிலும் கொத்துத் தகட்டோடு இஸ்மாயில் காக்கா. “ஓ.எல் எழுதாம இவன் எங்கயும் போகேலா. வேணுமெண்டா வேன என்ட மேல ஏத்திட்டுப் போங்க” என்றார். ஆள் சேர்க்க வந்தவன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வயசு வந்த பொடியன், சட்டத்தில் இடமிருக்கு, தடுக்க நீங்க யாரு என்றான். “நான் மாமா. ஸ்கூல்ல கேளு, பள்ளியில கேளு, இந்தா நிக்கிறா மிஸ், அவட்டயும் கேளு!” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கச்சியே இல்லாத மனிதர் என்பது அங்கே எனக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். கண் கலங்கிவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம், மாமாதான்” என்றேன்.

வந்தவன் மசியவில்லை. முதலாளிமார் அப்படித்தான் கத்துவார்கள், நீ ஏறு என்றான் ரிஸ்வானிடம். ரிஸ்வான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றான். அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. இஸ்மாயில் காக்காவைப் பார்த்தான். தகட்டிலிருந்து கொத்துத் துண்டு ஒன்று அவர் காலடியில் விழுந்தது. பையன் வேனுக்குள் வைத்திருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆள் சேர்க்க வந்தவனிடம் சொன்னான்.

“முதலாளி எண்டா விட்டிடுவாரு காக்கா. இவரு மாமா, விடமாட்டாரு.”

ரிஸ்வான் பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்துவிட்டான். இப்போதெல்லாம் கடையில் யாராவது மருமகன் என்று சொன்னால் நான் வாதாடுவதில்லை, அப்ப வாங்க, ஸ்கூலுக்குப் போய் மாமா எண்டு சொல்லிட்டு வருவம் என்று மட்டும் கூப்பிடுகிறேன், பாதிப் பேர் அந்த இடத்திலேயே உறவை முறித்துக்கொள்கிறார்கள்.